கல்கத்தாவின் நோன்புப் பெருநாள்
(மர்ஹூம் ஹுசைன் ஷஹீத் சுஹ்ரவர்தி அவர்களின் வாழ்க்கை)

தெருவில் சமாதானம் இருந்தால்தான் கடைக்கதவு திறக்கும் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சமாதானம் எங்கிருந்து வருகிறது, யார் கையால் உண்டாகிறது என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. சர்க்கார் உத்தரவாலும் போலீஸ் தடியாலும் மட்டும் அது வருவதானால், 1947ம் வருஷத்து நோன்புப் பெருநாள் கல்கத்தாவில் துக்க நாளாகவே போயிருக்கும். அப்படிப் போகாமல் தடுக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் மர்ஹூம் ஹுசைன் ஷஹீத் சுஹ்ரவர்தி அவர்கள். அன்னாரின் வரலாற்றைப் புகழ்மாலையாகத் தொடுக்க நாம் முன்வரவில்லை. அன்னாரிடம் குறையும் இருந்தது, நிறையும் இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

அன்னார் 1892ம் வருஷம் செப்டம்பர் 8ந் தேதி வங்காளத்திலுள்ள மேதினிபூரில் பிறந்தார். தகப்பனார் சர் ஜாஹித் சுஹ்ரவர்தி கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதி. தாயார் குஜஸ்தா அக்தர் பானு உருது இலக்கியத்தில் தேர்ந்த அம்மையார். கல்கத்தா செயிண்ட் சேவியர் கல்லூரியில் படித்து, பிறகு சீமைக்குச் சென்று ஆக்ஸ்போர்டில் பயின்று, பாரிஸ்டராக ஊர் திரும்பினார். சர் அப்துர் ரஹீம் அவர்களின் புதல்வி நியாஸ் பாத்திமாவை 1920ல் மணந்தார். சர் அப்துர் ரஹீம் நம் சென்னை ஹைகோர்ட்டில் பல வருஷங்கள் நீதிபதியாக விளங்கியவர். அந்த இல்வாழ்க்கை நீடிக்கவில்லை. இரண்டே வருஷத்தில், 1922ல், மனைவியார் காலமாகிவிட்டார்.

பொதுவாழ்வில் அன்னார் அடியெடுத்து வைத்தபோது இந்து முஸ்லிம் ஒற்றுமையே முதற்படியாக இருந்தது. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் 1924ல் கல்கத்தா நகர மேயரானபோது, சுஹ்ரவர்தி உதவி மேயரானார். மாலுமிகள், ஆலைத் தொழிலாளர்கள் போன்ற ஏழை எளியவர்களுக்குச் சங்கங்கள் அமைத்தார். பின்னர் முஸ்லிம் லீக்கின் முன்னணித் தலைவர்களில் ஒருவராக உயர்ந்தார்.

இனிக் குறையைச் சொல்ல வேண்டும். 1943ல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் வந்து லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அப்போது உணவுப் பொருள் வழங்கும் இலாகாவின் மந்திரி அன்னாரே. அந்தப் பழி அன்னாரை விடவில்லை. 1946 ஏப்ரலில் வங்காளத்தின் பிரதம மந்திரியானார். அவ்வருஷம் ஆகஸ்டு 16ந் தேதியை முஸ்லிம் லீக் நேரடி நடவடிக்கை தினமாக அறிவித்தது. அது ரமளான் மாதம். சுஹ்ரவர்தி மந்திரிசபை அன்று பொது விடுமுறை விட்டது. கடைகளை மூடு என்று ஒரு சாராரும், மூடமாட்டோம் என்று மறு சாராரும் காலையில் கிளப்பிய தகராறு, பொழுது சாய்வதற்குள் கொலையும் கொள்ளையுமாக முற்றியது. சில நாட்களில் சுமார் 4,000 பேர் மாண்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். இரு தரப்பிலும் செத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. அதிகாரம் கையிலிருந்தும் அன்னார் கலகத்தை அடக்கத் தவறினார் என்ற குற்றச்சாட்டு அன்று எழுந்தது; இன்றும் எழுதப்பட்டு வருகிறது.

கல்கத்தாவில் விழுந்த நெருப்பு அதோடு நிற்கவில்லை. அக்டோபரில் நவகாளியில் இந்துக்கள் கொல்லப்பட்டார்கள். அதையடுத்துப் பீகாரில் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஓர் ஊரின் பழியை இன்னோர் ஊரில் தீர்த்துக்கொள்ளும் இந்தக் கணக்குக்கு முடிவே இல்லை. வட்டிக்கு வட்டி ஏறுவது போல அது ஏறிக்கொண்டேதான் போகும்.

1947ல் நாடு பிரியும் வேளை வந்தது. வங்காளத்தைப் பிரிக்காமல் ஒரே நாடாக வைத்திருக்கலாம் என்று சரத் சந்திர போஸுடன் சேர்ந்து சுஹ்ரவர்தி முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. ஆகஸ்டு முதல் வாரத்தில் கிழக்கு வங்காளத் தலைமையும் குவாஜா நாஜிமுத்தீன் அவர்களிடம் போய்விட்டது. கல்கத்தா இந்தியாவின் பங்கில் விழுந்தது. முஸ்லிம் அதிகாரிகள் பலர் கிழக்கே போய்விட்டார்கள். முந்திய வருஷத்துக் கொலைகளுக்கு இப்போது பழி வாங்கப்படுமோ என்று கல்கத்தா முஸ்லிம்கள் நடுங்கிக் கிடந்தார்கள். நோன்போ நடந்துகொண்டிருக்கிறது, பெருநாளோ நெருங்கி வருகிறது.

நவகாளிக்குப் போகும் வழியில் காந்தியடிகள் ஆகஸ்டு 9ந் தேதி கல்கத்தா வந்தார். முஸ்லிம் பிரமுகர்கள் அவரைச் சந்தித்து, நகரை விட்டுப் போகவேண்டாமென மன்றாடினார்கள். நவகாளி இந்துக்களின் உயிருக்கு நீங்கள் பொறுப்பேற்றால் நான் இங்கே தங்குகிறேன் என்று அவர் நிபந்தனை வைத்தார், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கராச்சியிலிருந்து திரும்பிய சுஹ்ரவர்தியும் வந்து பார்த்தார். அவரிடம் காந்தியடிகள் இன்னும் பெரியதொரு விலை கேட்டார். போலீஸ் காவலில்லாமல், ஒரே கூரையின் கீழ், தம்மோடு வந்து குடியிருக்க வேண்டுமென்றார். வீட்டுக்குப் போய் மகளிடமும் கலந்து யோசித்து முடிவு சொல்லும்படி அனுப்பினார். மறுநாள் சுஹ்ரவர்தி சம்மதம் தெரிவித்தார்.

அவர்கள் குடியேறிய இடம் பேலியாகட்டா பகுதியில் ஹைதரி மன்ஸில் என்ற பழைய வீடு. ஆகஸ்டு 13ந் தேதி அங்கே போய் இறங்கியபோது, இந்து வாலிபர் கூட்டம் கூக்குரலிட்டுக் கல்லெறிந்தது. காந்தியடிகள் அவர்களை அழைத்துப் பேசினார். மறுநாள் மாலை கூட்டம் சுஹ்ரவர்தியை வெளியே வரச்சொல்லிக் கத்தியது. அன்னார் ஜன்னலருகே வந்து நின்றார். போன வருஷத்துக் கொலைகளுக்கு நீர்தானே பொறுப்பு என்று கேட்டார்கள். நாம் அனைவருமே பொறுப்பு என்றார் முதலில். கூட்டம் விடவில்லை, நேரான பதில் கேட்டது. ஆம், என் பொறுப்புத்தான் என்று அன்னார் ஒப்புக்கொண்டார்.

வாசகர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். பதவி போன பிறகு ஒப்புக்கொள்வதில் என்ன பெருமை என்று கேட்பவர் கேட்கலாம். தம் சமூகத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல்தான் இதைச் செய்தார் என்றும் சொல்லலாம். இருக்கட்டும். தம்மைக் கொல்லத் துடிக்கும் கூட்டத்தின் முன்னே, காவலில்லாமல் நின்று, பழியைத் தலையில் ஏற்றுக்கொள்ள எத்தனை தலைவர்களுக்குத் துணிவு வரும்? பழைய கடனை ஒப்புக்கொள்பவனிடம்தான் புதுக்கணக்குத் தொடங்க முடியும். அந்த ஒரு வார்த்தையால் கூட்டத்தின் கோபம் தணிந்தது.

அன்றிரவு நகரம் முழுவதும் அதிசயம் நிகழ்ந்தது. ஒருவர் தெருவில் ஒருவர் கால்வைக்க அஞ்சிய இந்துக்களும் முஸ்லிம்களும் லாரிகளில் சேர்ந்து ஏறி வலம் வந்தார்கள். ஆகஸ்டு 18ந் தேதி நோன்புப் பெருநாள். முகம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப் மைதானத்தில் இரு சமூகத்தாரும் லட்சக்கணக்கில் கூடினார்கள். காந்தியடிகளும் சுஹ்ரவர்தியும் அங்கே இருந்தார்கள். முந்திய ரமளானில் இரத்தம் சிந்திய அதே நகரத்தில், இந்த வருஷம் பெருநாள் வாழ்த்துச் சொல்ல இந்துச் சகோதரர்கள் வந்தார்கள்.

ஆயினும் ஆகஸ்டு 31ந் தேதி இரவு ஒரு கூட்டம் ஹைதரி மன்ஸிலுக்குள் புகுந்தது. மறுநாள் மீண்டும் கொலைகள் நடந்தன. காந்தியடிகள் செப்டம்பர் 1ந் தேதி இரவு உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது சமாதானத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள் சாதாரண மக்களே. மாணவர்களும் பேட்டைவாசிகளும் ஊர்வலமாகச் சென்று மக்களைச் சமாதானப்படுத்தினார்கள். அந்தப் பணியில் சச்சின் மித்ரா, ஸ்மிருதீஷ் பானர்ஜி என்ற இருவர் உயிரையே கொடுத்தார்கள். கலகம் செய்தவர்களே துப்பாக்கி முதலிய ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். எல்லாத் தரப்புத் தலைவர்களும் எழுத்தில் உறுதி கொடுத்த பிறகு, 4ந் தேதி இரவு சுஹ்ரவர்தி கையால் பழரசம் வாங்கி அருந்தி, காந்தியடிகள் விரதத்தை முடித்தார். பஞ்சாப் எரிந்துகொண்டிருந்த அந்நாட்களில் கல்கத்தா அமைதி கண்டது.

1948 ஜனவரி 30ந் தேதி காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். சமாதானக் கூட்டம் நடத்தக் கிழக்கு வங்காளம் சென்ற சுஹ்ரவர்தியை அங்குள்ள சர்க்கார் அதே வருஷம் வெளியேற்றியது. பிறகு அன்னார் பாகிஸ்தானில் குடியேறி, அவாமி லீக் கட்சியை வளர்த்து, 1956 செப்டம்பரில் பிரதம மந்திரியானார். 13 மாதத்தில் பதவி போயிற்று. அயூப்கான் ஆட்சி 1962ல் அன்னாரைச் சிறையில் வைத்தது. 1963 டிசம்பர் 5ந் தேதி பெய்ரூத் நகரில் வபாத்தானார். டாக்காவில் அடக்கம் செய்யப்பட்டார்.

நம் சிங்கப்பூரும் பண்டிகை நாளில் கலகத்தைக் கண்ட ஊர்தான். 1964 ஜூலை 21ந் தேதி மீலாது ஊர்வலத்தன்று மூண்ட கலகத்தில் 23 பேர் மாண்டார்கள். அப்போதும் வட்டாரந்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைத்து அக்கம்பக்கத்தார்தான் ஒருவருக்கொருவர் தைரியம் சொன்னார்கள். ஆகவே பெருநாளில் பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு தட்டுப் பலகாரம் அனுப்புவதைச் சிறு காரியமென்று நினைக்க வேண்டாம். வதந்தி வந்தால் அதை நம் கடை ஐந்தடியிலேயே நிறுத்திவிடுவதும் சமாதானப் பணிதான். நம்மவர் பேரில் தப்பிருந்தால் அதை ஒப்புக்கொள்ளும் முதல் ஆளாக நாமே இருப்போம்.

அல்லாஹ் அன்னாரின் குறைகளை மன்னித்து, நிறைகளை ஏற்றுக்கொள்வானாக. நம் தெருக்களில் அமைதியை நிலைநிறுத்துவானாக. ஆமீன்.