பாண்டித்துரைத் தேவர்

மதுரையில் சொற்பொழிவாற்ற வந்த பாண்டித்துரைத் தேவருக்குத் திருக்குறளும் கம்பராமாயணமும் தேவைப்பட்டன. ஊரெங்கும் தேடியும் அவை எளிதில் கிடைக்கவில்லை என்பர். சங்கம் வளர்த்த நகரிலேயே தமிழ் நூலுக்குப் பஞ்சம்! அக்காலத்தில் நூல்கள் பல ஓலைச்சுவடிகளாகப் புலவர் இல்லங்களிலும் மடங்களிலும் முடங்கிக் கிடந்தன. ஆசிரியரை அடுத்திருந்து பாடங்கேட்க இயன்றவர்க்கே அவை பயன்பட்டன.

இராமேசுவரம் செல்லும் சேதுவழியைக் காத்தமையால் சேதுபதிகள் எனப் பெயர்பெற்ற மன்னர் குடும்பத்தில், இராமநாதபுரத்தில் 1867ஆம் ஆண்டு பிறந்தவர் பாண்டித்துரை. தந்தை பொன்னுச்சாமித் தேவர், ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குப் பொருளுதவி புரிந்தவர். புலவர் பாடுவதும் புரவலர் பரிசளிப்பதுமே அதுவரை தமிழ் வளர்த்த வழி. பாலவனத்தம் ஜமீன்தாரான பாண்டித்துரையும் அவ்வழி நின்று, உ.வே. சாமிநாதரின் மணிமேகலைப் பதிப்புக்கு உதவினார். ஆயினும், பரிசு ஒரு புலவரை வாழவைக்குமேயன்றிக் கற்க விழையும் எளியோரைச் சென்றடையாது என்பதை அவர் உணர்ந்தார்.

1901 செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச்சங்கத்தைத் தோற்றுவித்தார். பாஸ்கர சேதுபதி துணைநின்றார். கல்விச்சாலையும் நூலகமும் அச்சகமும் அமைந்தன. தேர்வெழுதிப் பண்டிதர் பட்டம் பெறும் முறை வந்தது. அடுத்த ஆண்டில் தொடங்கிய ‘செந்தமிழ்’ இதழுக்கு முதலில் இரா. இராகவையங்காரும், பின்னர் மு. இராகவையங்காரும் ஆசிரியராயினர். ஆசிரியர் கூற்றே முடிவாக இருந்த கல்வியில், இனிக் கல்வெட்டும் பாடவேறுபாடும் சான்றாகக் கேட்கப்பட்டன. ஒருவர் எழுதியதை மற்றொருவர் மறுத்தெழுதவும் இடம் பிறந்தது. பதிப்பிப்பார் இன்றித் தவித்த சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி என்னும் பெருங்கலைக்களஞ்சியத்தை 1910இல் சங்கமே வெளியிட்டது.

ஆராய்ச்சியை வரவேற்ற அவரே, எதுகை மோனைக்காகக் குறளின் சொற்களை மாற்றி ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் அச்சிட்ட படிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தார் என்றும் கூறுவர். மறுப்புரை எழுதியிருக்கலாமே என்று இன்று தோன்றக்கூடும். ஆனால், ஏட்டில் நேர்ந்த பிழை சில கைகளோடு நிற்கும். அச்சில் ஏறிய பிழையோ நாடெங்கும் பரவும். அச்சின் ஆற்றலை அறிந்தவரின் அச்சம் அது.

வ.உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்கும் அவர் தலைவராக இருந்து பொருள் வழங்கினார். 1911 டிசம்பரில், நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். செந்தமிழ் இதழ் அதன் பின்னரும் பல்லாண்டுகள் வெளிவந்தது.