தலைதட்டி அளந்த அம்மையார்

தென்காசிக் கடைத்தெருவில் வாங்கும் ஒரு படி அரிசியும் ஒரு படி அவலும் ஒரே எடையா? இல்லை. கேக் செய்வோருக்கும் இதே சிக்கல்தான். இதற்கு வழிகாட்டியவர் ஃபேனி ஃபார்மர் அம்மையார்.

இவர் 1857இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். பதினாறு வயதில் பக்கவாதம் தாக்கி, பள்ளிப் படிப்பு நின்றது. மனம் தளராமல் வீட்டில் சமையல் பழகினார். பின்னர் சமையற்கலைப் பள்ளியில் பயின்று, அதன் தலைமை ஆசிரியையும் ஆனார்.

பிடியளவு, கண்ணளவு என்றிருந்த வழக்கை மாற்றி, கோப்பையில் தலைதட்டி அளக்க, 1896இல் வெளியிட்ட நூலில் கற்பித்தார். தலைதட்டினால் ஒரு கோப்பை மைதா சுமார் 125 கிராம். சர்க்கரை 200 கிராம். குவித்து அளந்தால் இக்கணக்கு பொய்த்துவிடும்.

இறுதிக் காலத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தும் பாடம் நடத்தி, 1915இல் மறைந்தார். நம் வயதில் வீழ்ந்தவர் எழுந்து சாதித்தார், நாமும் தளரோம்!