சார்லஸ் லாம்: தடைப்பட்ட நாவும் தளராத எழுத்தும்

ஆங்கிலக் கட்டுரை இலக்கியத்தில் தமக்கெனத் தனியிடம் பெற்ற சார்லஸ் லாம், 1775 பிப்ரவரி 10 அன்று இலண்டன் மாநகரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். ஏழாம் வயதில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் எனும் அறப்பள்ளியில் சேர்ந்த அவர், பின்னாளில் பெருங்கவிஞராக விளங்கிய கோல்ரிட்ஜின் நட்பை அங்கே பெற்றார்.

இருவரும் கல்வியில் சிறந்தவர்களே. எனினும் கோல்ரிட்ஜ் பல்கலைக்கழகம் புகுந்தார். லாமின் படிப்போ 1789இல் பள்ளியோடு நின்றது. அப்பள்ளியின் உதவித்தொகை பெற்றுப் பல்கலைக்கழகம் செல்வோர் பின்னர்ச் சமயப் பணி ஏற்றல் வேண்டும் என்பது அந்நாளைய மரபு. திக்குவாய் உடைய ஒருவர் மேடையேறி அருளுரை ஆற்றுதல் இயலாதென்று கருதப்பட்டது. அறிவில் குறையில்லாதிருந்தும், நாவிலிருந்த தடை அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் தலைமையகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 33 ஆண்டுகள் கணக்கேடுகளுக்கிடையே உழைத்தார்.

1796 செப்டம்பரில் பேரிடி விழுந்தது. தமக்கை மேரி, மனநோயின் வேகத்தில் பெற்ற தாயையே கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லாமுக்கு அப்போது வயது 21. மேரி ஆயுள் முழுதும் மனநோய் விடுதியில் அடைபட வேண்டிய நிலையில், அவரைத் தாமே காப்பதாக உறுதியளித்து மீட்டவர் தம்பியே. நோய் மீண்டும் தலைகாட்டியபோதெல்லாம் இருவரும் கைகோத்துக் கண்ணீருடன் விடுதிக்கு நடந்தனர். சரளமாகப் பேச இயலாத அந்த நா தந்த வாக்கு, 38 ஆண்டுகள் பிறழவில்லை. தமக்கையும் தம்பியும் சேர்ந்தே 1807இல் ஷேக்ஸ்பியரின் 20 நாடகங்களைச் சிறார்க்கான கதைகளாக்கினர். அந்நூல் இந்தியப் பள்ளிகளிலும் நெடுங்காலம் பயிலப்பட்டது.

அவ்வெளிய இல்லத்தில் வாரந்தோறும் மாலையில் நண்பர் கூடுவர். ஹாஸ்லிட், லீ ஹன்ட், காட்வின் முதலியோர் அங்கே வந்தனர். லாம் நீளப் பேசுவதில்லை. திக்கித் திக்கி அரைகுறை வாக்கியங்களாகவே சொல்வார். ஆயினும் அவ்வவையில் மிகச் சிறந்த சொற்கள் அவருடையவையே என்று ஹாஸ்லிட் பதிவு செய்துள்ளார். 1827இல் தம்மைப் பற்றி வரைந்த சிறு குறிப்பில், தம் திக்குவாயை லாம் மறைக்கவில்லை; அதனாலேயே நெடிய சொற்பொழிவை விடுத்துச் சிலேடையும் சிறுவாசகமும் தமக்கு இயல்பாயின என்று நகைச்சுவையுடன் எழுதினார்.

திக்குதல் அறிவுக்குறைவால் தோன்றுவதன்று. பேச்சை இயக்கும் மூளைச் செயற்பாட்டின் வேறுபாடும் மரபுவழியும் அதற்குக் காரணங்களாகும் என்பது இன்றைய ஆய்வாளர் துணிபு. திக்குவோரை விரைவுபடுத்தாமலும், அவர்தம் சொல்லைப் பிறர் முடித்துவைக்காமலும் பொறுத்துக் கேட்டலே உற்ற துணையென அவர்கள் அறிவுறுத்துவர். லாமின் நாத்தடை இறுதிவரை நீங்கவேயில்லை. ஆனால் அவரைக் கேட்பதற்கு நண்பர் இருந்தனர். 1820 முதல் எலியா என்னும் புனைபெயரில் அவர் இதழில் எழுதி, 1823இலும் 1833இலும் நூல்களாக வெளிவந்த கட்டுரைகள், ஒரு நண்பர் அருகமர்ந்து உரையாடும் இயல்பிலேயே அமைந்தன.

1834 டிசம்பரில் வழியில் இடறி விழுந்து முகத்தில் காயமுற்ற லாம், 27ஆம் நாள் எட்மன்டனில் காலமானார். 1847இல் மறைந்த மேரியும் அதே கல்லறையில் துயில்கின்றார். திருச்சபை மேடை அவருக்கு வாய்க்கவில்லை. பொறுமையுடன் செவிமடுத்த ஒரு சிறு நண்பர் வட்டம் வாய்த்தது, அதுவே போதுமானதாயிற்று.