ஜோ லூயிஸ்: மேடையில் வென்றவர், கணக்கில் தோற்றவர்

1951 அக்டோபர் 26-ஆம் தேதி இரவு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் எட்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. 28 வயது ராக்கி மார்சியானோவின் இடதுகைக் குத்தில் ஒருமுறை விழுந்து எழுந்த 37 வயது ஜோ லூயிஸ், அடுத்து வந்த வலதுகைக் குத்தில் கயிறுகளின் ஊடே மேடையின் விளிம்பில் சரிந்தார். நடுவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை; ஆட்டத்தை நிறுத்திவிட்டார். ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் உலக ஹெவிவெயிட் பட்டத்தைத் தன் வசம் வைத்திருந்தவரின் குத்துச்சண்டை வாழ்க்கை அத்துடன் முடிவுக்கு வந்தது.

அவர் அந்த மேடையில் நின்றிருக்கவே தேவையில்லை. 1949 மார்ச் மாதமே, பட்டத்தை யாரிடமும் இழக்காமல் ஓய்வை அறிவித்தவர் அவர். அவரை மீண்டும் மேடைக்கு இழுத்து வந்தது புகழாசை அல்ல. அமெரிக்க வருமான வரித் துறையின் நிலுவைக் கணக்கு.

1914-இல் அலபாமா மாநிலத்தின் பருத்திக் காட்டுப் பகுதியில், ஏழைக் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் லூயிஸ். தென்மாநிலங்களின் இனக்கொடுமையிலிருந்து தப்பி வடக்கே குடிபெயர்ந்த லட்சக்கணக்கான கருப்பினக் குடும்பங்களைப் போல, 1926-இல் அவருடைய குடும்பமும் டெட்ராய்ட் நகருக்கு வந்தது. வயலின் கற்றுக்கொள்ளத் தாய் கொடுத்த காசை, உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செலவிட்ட சிறுவன், சில ஆண்டுகளில் தொழில்முறை வீரனாக உயர்ந்தான்.

ஆனால், அவருக்கு முன் ஒரு நிழல் நின்றது. முதல் கருப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சன், வெள்ளையரின் வெறுப்பைப் பொருட்படுத்தாமல் தன் விருப்பம்போல் வாழ்ந்தவர். 1910-இல் அவர் ஜிம் ஜெஃப்ரிஸை வீழ்த்தியபோது பல நகரங்களில் கலவரம் வெடித்தது. 1915-இல் அவர் பட்டத்தை இழந்த பிறகு, 22 ஆண்டுகள் எந்தக் கருப்பினத்தவருக்கும் அந்தப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பே தரப்படவில்லை. எனவே, லூயிஸின் மேலாளர்கள் அவருக்குக் கடுமையான நெறிகளை வகுத்தனர். வீழ்த்திய எதிரியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. வெள்ளையினப் பெண்களுடன் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடக்கமாகப் பேச வேண்டும். 1937-இல் ஜேம்ஸ் பிராடாக்கை வென்று அவர் சாம்பியன் ஆனதில் கைகளின் வலிமைக்கு இருந்த பங்கு, உணர்ச்சியற்ற அந்த முகத்துக்கும் இருந்தது. பிற்காலத்தில் அவர்மீது எழுந்த குற்றச்சாட்டின் வேரும் அந்த முகத்தில்தான் இருக்கிறது.

1938 ஜூன் 22 அவரை தேசிய நாயகனாக்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தன்னைத் தோற்கடித்த ஜெர்மானியர் மேக்ஸ் ஷ்மெலிங்கை, யாங்கி மைதானத்தில் 124 விநாடிகளில் வீழ்த்தினார் லூயிஸ். ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர் என்றாலும், ஹிட்லரின் அரசு அவரை ஆரிய மேன்மையின் சான்றாக முன்னிறுத்தியிருந்தது. ஆகவே, தென்மாநிலங்களில் வெள்ளையரோடு ஒரே மேசையில் உணவருந்த முடியாத ஒருவரை, அந்த ஓர் இரவில் அமெரிக்கா முழுவதும் தன் பிரதிநிதியாகக் கொண்டாடியது.

போர் வந்தது. 1942 ஜனவரியில் பட்டி பேயருடன் மோதிக் கிடைத்த பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்கு அளித்தார். கருப்பினத்தவரைச் சமையலறையிலும் உணவுக்கூடத்திலும் பணியாற்ற மட்டுமே அனுமதித்திருந்த கடற்படை அது. மார்ச் மாதம் ஏப் சைமனை வென்று கிடைத்த பணம் தரைப்படை நிவாரண நிதிக்குச் சென்றது. இடையே அவரே சாதாரணச் சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தார். முகாம் முகாமாகச் சென்று ஏராளமான காட்சிப் போட்டிகளில் பங்கேற்றார்.

நாட்டுக்காகக் கொடுத்த அந்தப் பணத்தையும் வரித் துறை அவருடைய வருமானமாகவே கணக்கிட்டது. தவறு ஒரு பக்கம் மட்டும் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. மேலாளர்களும் போட்டி அமைப்பாளரும் அவருடைய வருமானத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டனர். லூயிஸும் கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். தெரியாத தொழில்களில் முதலிட்டு இழந்தார். கோல்ஃப் பந்தயங்களில் பணத்தை விட்டார். கணக்கைப் பிறர் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பினார். வட்டியும் அபராதமும் சேர்ந்து, 1950-இல் நிலுவை ஐந்து லட்சம் டாலர் அளவுக்கு வளர்ந்தது. பின்னர் பத்து லட்சத்தைத் தாண்டியது. அக்காலத்தில் உயர் வருமானத்தின் மீதான உச்ச வரி விகிதம் 90 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. பழைய கடனைத் தீர்க்கப் புதிதாகச் சம்பாதித்தால், அந்தச் சம்பாத்தியத்தின் பெரும்பகுதியும் புதிய வரிக்கே போய்விடும். உழைக்க உழைக்க ஆழம் கூடும் சேறு அது.

உடலோ முன்பே எச்சரித்திருந்தது. 1947 டிசம்பரில் ஜெர்சி ஜோ வால்காட் அவரை இருமுறை கீழே வீழ்த்தினார். நடுவர்களின் பெரும்பான்மைத் தீர்ப்பு லூயிஸுக்குச் சாதகமாக வந்தபோது, அரங்கம் அதை ஏற்காமல் கூச்சலிட்டது. ஆறு மாதங்களில் அதே வால்காட்டை வீழ்த்திவிட்டுத்தான் அவர் விடைபெற்றார். வரிக்காகத் திரும்பி வந்து, 1950 செப்டம்பரில் எஸார்ட் சார்லஸிடம் 15 சுற்றுகள் அடி வாங்கித் தோற்றார். பிறகு எட்டு வெற்றிகள், அதன்பின் மார்சியானோ. 69 போட்டிகளில் அவர் தோற்றவை மூன்றே. அவற்றில் இரண்டு, ஓய்வை முறித்துத் திரும்பிய பிறகு நேர்ந்தவை.

அதற்குப் பிறகும் கடன் விடவில்லை. 1956-இல் வருமானத்துக்காக மல்யுத்தக் காட்சிகளில் இறங்கினார். 1960-களில் வரித் துறை ஒருவழியாகச் சமரசத்துக்கு வந்தது. 1970-இல் மனநலச் சிகிச்சை பெற நேர்ந்தது. லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியில் விருந்தினர்களுடன் கைகுலுக்கி வரவேற்பதே கடைசிக்கால வேலையாக இருந்தது. 1981 ஏப்ரல் 11-ஆம் தேதி சக்கர நாற்காலியில் அமர்ந்து லேரி ஹோம்ஸின் பட்டப் போட்டியைப் பார்த்தார். மறுநாள் மாரடைப்பில் காலமானார். வயது 66.

அவருடைய மரபு குறித்த சர்ச்சை அவர் வாழ்ந்தபோதே தொடங்கிவிட்டது. எளிய எதிரிகளைத் தேர்ந்தெடுத்தே 25 முறை பட்டத்தைத் தக்கவைத்தார் என்றனர் சிலர். 1940 டிசம்பரிலிருந்து ஏழு மாதங்களில் ஏழு முறை பட்டத்தைப் பணயம் வைத்தவர்மீது கூறப்படும் இந்தக் குறை, அதிகம் நிற்காது. கனமான குற்றச்சாட்டு வேறொன்று. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்த முகமது அலியை லூயிஸ் விமர்சித்தார். அலியோ, வெள்ளையரின் மனம் கோணாமல் நடப்பவர் என்று லூயிஸைச் சாடினார். உரிமைப் போராட்டத் தலைமுறையின் கண்களுக்கு, லூயிஸின் அடக்கம் அடிபணிதலாகவே தெரிந்தது.

அந்தத் தீர்ப்பு முழுமையானதல்ல. கான்சாஸ் முகாமில் ஜாக்கி ராபின்சனுக்கும் பிற கருப்பின வீரர்களுக்கும் அதிகாரிப் பயிற்சி மறுக்கப்பட்டபோது, தன் செல்வாக்கைக் கொண்டு அந்தக் கதவைத் திறக்க உதவியவர் லூயிஸ். 1944-இல் அலபாமா முகாமொன்றில், கருப்பினத்தவருக்கு ஒதுக்கிய இருக்கைக்குப் போக மறுத்து, சுகர் ரே ராபின்சனுடன் ராணுவக் காவலர்களிடம் பிடிபட்டவரும் அவரே. 1952-இல் சான் டியாகோ கோல்ஃப் போட்டியில், வெள்ளையருக்கு மட்டும் என்ற விதியை எதிர்த்து நின்று களமிறங்கினார். முழக்கமிடாத எதிர்ப்பும் எதிர்ப்புதான். ஜான்சனுக்குப் பின் மூடப்பட்ட கதவை லூயிஸின் பொறுமை திறந்திராவிட்டால், அலி குரலெழுப்புவதற்கு ஒரு மேடையே இருந்திருக்குமா என்பது ஐயமே. அலியும் பிற்காலத்தில் தன் சொற்களின் கடுமையைத் தணித்துக்கொண்டு அவரைப் போற்றினார்.

உண்மையில் கேள்வி கேட்கப்பட வேண்டியது லூயிஸிடம் அல்ல. தேவைப்பட்டபோது ஒருவரைத் தன் முகமாக உயர்த்திப் பிடித்து, தேவை தீர்ந்ததும் கடனாளியாக மட்டுமே பார்த்த அரசிடம்தான். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்வதற்கான தகுதி விதிகளை அதிபர் ரீகன் அவருக்காகத் தளர்த்தினார். மறு ஆண்டு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கமும் வழங்கப்பட்டது. அந்தத் தளர்வில் ஒரு சிறு பங்கை முப்பது ஆண்டுகளுக்கு முன் வரித் துறை காட்டியிருந்தால், மார்சியானோவுடனான அந்த இரவு நேர்ந்திருக்காது. லூயிஸ் வறுமையில் இருந்த காலத்தில் அவருக்குப் பணம் கொடுத்து உதவியவரும், இறுதிச் சடங்கின் செலவில் பங்கேற்றவரும், ஒருகாலத்தில் எதிரி நாட்டின் அடையாளமாக அவர்முன் நிறுத்தப்பட்ட மேக்ஸ் ஷ்மெலிங்.