எழுத்தளித்த ஏந்தல் சிரில்

ஆண்டுதோறும் மே 24ஆம் நாள் பல்கேரிய நாடு முழுவதும் விடுமுறை கொள்கிறது. அது போரில் வென்ற நாளன்று. மன்னன் முடிபுனைந்த நாளுமன்று. ஒரு மக்கள் தம் நெடுங்கணக்கைக் கொண்டாடும் நாள். பள்ளி வாயில்கள் மலரால் பொலியும். தலைநகர் சோபியாவில் தேசிய நூலகத்தின் முன் நிற்கும் இரு உடன்பிறந்தார் சிலையடியில் மாணவர் திரண்டு மலர் வைப்பர். 1892இல் ஸ்டோயன் மிகைலோவ்ஸ்கி இயற்றிய பாடல் எங்கும் ஒலிக்கும். அவ்விருவருள் மூத்தவர் மெத்தோடியஸ், இளையவர் சிரில். இளையவரின் வாழ்வே ஈண்டு நம் பொருள்.

கிரேக்க நாட்டின் வடபால் உள்ள தெசலோனிக்கி நகரில், 827ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர் அவர். தந்தை லியோ பைசாந்தியப் படைத்தலைவருள் ஒருவர். மக்கள் எழுவருள் கடைக்குட்டியாகிய இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன். சிரில் என்பது இறப்பதற்கு ஐம்பது நாள் முன்னர், துறவு பூண்டபோது ஏற்ற பெயர். உலகம் அவரை அந்த ஐம்பது நாள் பெயராலேயே அறிகிறது!

தெசலோனிக்கியின் தெருக்களில் கிரேக்கமும், சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஸ்லாவிய மொழியும் வழங்கின. எனவே இரு மொழியும் செவிவழி வந்தவை. இவர் பிறப்பால் கிரேக்கரா ஸ்லாவியரா என்று இன்றும் வாதிடுவோர் உளர். அவ்வழக்கு தீர்ந்தாலும் தீராவிட்டாலும் அவர் செய்த பணி மாறப் போவதில்லை என்பது என் எண்ணம்.

இளமையில் வேட்டைக்குச் சென்றபோது தாம் வளர்த்த வல்லூற்றைக் காற்று அடித்துச் சென்றதாகவும், அத்துயரால் விளையாட்டை வெறுத்து நூல்களின்பால் திரும்பியதாகவும் அவருடைய பழைய வரலாற்று நூல் கூறும். பதினான்காம் அகவையில் தந்தையை இழந்தார். அமைச்சர் தியோக்டிஸ்டஸ் அவரைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அழைத்துக் கற்பித்தார். கணித மேதை லியோவும், பேரறிஞர் போட்டியஸும் ஆசிரியராய் வாய்த்தனர். அமைச்சர் தம் ஞானமகளை மணமுடித்துத் தரவும் உயர்பதவி நல்கவும் முன்வந்தார். கான்ஸ்டன்டைன் இரண்டையும் மறுத்துவிட்டு மெய்யியல் கற்பிக்கும் பணியை ஏற்றார். அதனால் 'தத்துவர்' என்பதே அவர்க்குச் சிறப்புப் பெயராயிற்று.

இருபத்து நான்காம் அகவையில் அரபு நாட்டிற்குத் தூதராய் அனுப்பப்பட்டார். சாமர்ராவில் வீற்றிருந்த அப்பாசியக் கலீபா அல்முதவக்கிலின் அவைக்கே அவர் சென்றார் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்துக் கொண்டிருந்த காலம் அது. அங்கே நிகழ்ந்த சமய வாதத்தில் தத்துவரே வென்றதாக அவர் சீடர் எழுதிய நூல் உரைக்கும். வாதத்தின் ஒரு தரப்பார் எழுதிய குறிப்பை அந்த அளவிலேயே கொள்ள வேண்டும். எனினும், அறிவைத் தம் தாய்மொழிக்குக் கொணர்ந்து செழித்த ஒரு நாகரிகத்தை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார் என்பது நினைவில் இருத்தற்குரியது. பின்னர் 860இல் கசார் நாட்டிற்கும் தூது சென்றார்.

862இல் மொராவிய அரசன் ராஸ்டிஸ்லாவ், தன் மக்களுக்குப் புரியும் மொழியில் சமயம் கற்பிக்க வல்லாரை அனுப்புமாறு பேரரசர் மூன்றாம் மைக்கேலிடம் வேண்டினான். பிராங்கியக் குருமாரின் பிடியிலிருந்து விலகும் அரசியல் நோக்கும் அதில் இருந்தது. ஆனால் ஸ்லாவியருக்கோ எழுத்தில்லை. கோடுகளும் வெட்டுக்குறிகளும் கொண்டு அவர்கள் காலங்கழித்ததாக ஹ்ராபர் என்னும் பழைய துறவி எழுதியுள்ளார். கிரேக்க எழுத்தால் எழுதலாமெனில் ஷ, ச்ச முதலிய ஒலிகளுக்கு அதில் வடிவமில்லை. நன்கு செவிகொடுத்துக் கேட்ட ஒருவரால்தான் இக்குறை தீரும். கான்ஸ்டன்டைன் ஒவ்வோர் ஒலியையும் பிரித்தறிந்து ஒவ்வொன்றுக்கும் வடிவம் சமைத்தார். ஹ்ராபரின் கணக்குப்படி அவை 38. ஒவ்வோர் எழுத்திற்கும் பொருளுடைய சொல்லே பெயராக நின்றது. முதலெழுத்து 'அஸ்', அதற்கு 'நான்' என்பது பொருள். அடுத்தது 'புகி', அது 'எழுத்து' எனப் பொருள்படும். கிளகோலித்தியம் எனப்படும் இவ்வெழுத்துடன் 863இல் உடன்பிறந்தார் இருவரும் மொராவியா புகுந்து, சீடர்க்குக் கற்பித்து, மறைநூல்களையும் பெயர்த்தனர்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றே இறைவனைப் போற்றத் தக்க மொழிகள் என்று குருமார் சாதித்தனர். வெனிஸ் நகரில் பலர் சூழ்ந்து நின்று அவரை மறித்தனர். மழையும் வெயிலும் எல்லார்க்கும் பொதுவாயிருக்க மொழி மட்டும் மூவர்க்கே உரியதாவது எங்ஙனம் என்ற கருத்தில் அவர் விடை தந்தார். ஆர்மீனியர், பாரசீகர், அரபியர் எனத் தத்தம் எழுத்தால் இறைவனைப் போற்றும் இனங்களையும் அடுக்கிக் காட்டினார். தூது சென்ற நாடுகளில் பெற்ற அறிவு அன்று அவர்க்குத் துணை நின்றது என்றே தோன்றுகிறது.

ரோமில் போப்பாண்டவர் இரண்டாம் ஏட்ரியன் ஸ்லாவிய நூல்களை ஏற்று வாழ்த்தினார். ஆனால் தத்துவரின் உடல் நலிந்துவிட்டது. மலைமடத்தின் தனிமையை அண்ணன் எவ்வளவு விரும்பினார் என்பதை அவர் அறிவார். ஆயினும் அதற்காகக் கற்பிக்கும் பணியைக் கைவிடலாகாது என இறக்கும் தறுவாயில் வேண்டிக்கொண்டார். 869 பிப்ரவரி 14இல், நாற்பத்திரண்டாம் அகவையில் மறைந்தார். முதலில் இறப்பவரின் உடலை மற்றவர் தாய்மண்ணுக்குக் கொணர வேண்டும் என்பது அன்னையின் ஆணை. மெத்தோடியஸ் அதற்கு இசைவு கேட்டார், ரோமானியர் இசையவில்லை. புனித கிளமெண்டின் ஆலயத்திலேனும் அடக்கம் செய்க என வேண்ட, அங்ஙனமே செய்யப்பட்டது.

தம்பிக்கு அளித்த சொல்லை அண்ணன் காத்தார். பவேரிய ஆயர்கள் இரண்டாண்டுகளுக்கும் மேலாகச் சிறையிட்டும் அவர் பணியை விடவில்லை. 885இல் அவர் மறைந்ததும் சீடர்கள் துரத்தப்பட்டனர். சிலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். பல்கேரிய மன்னர் போரிஸ் மட்டும் தப்பி வந்தோரை 886இல் வரவேற்றார். தம் நாட்டில் வழிபாடு கிரேக்க மொழியில் நிகழ்வது அவர்க்கு உறுத்தலாக இருந்தது. ஓஹ்ரிட் பகுதியில் சீடர் கிளமெண்ட் 3500 மாணவர்க்குக் கற்பித்தார் என அவர் வரலாறு கூறும். பிரஸ்லாவ் நகரின் அறிஞர்கள் கிரேக்க வடிவங்களைத் தழுவி, கிளகோலித்தியத்தின் சிறப்பொலிகளையும் சேர்த்து எளியதோர் எழுத்தை அமைத்தனர். அதுவே இன்று ரஷ்யர் முதலாகப் பல இனத்தார் எழுதும் சிரிலிக் எழுத்து. அவர் பெயரைத் தாங்கியிருப்பினும் அவர் வகுத்த வடிவம் அதுவன்று!

உதுமானியர் ஆட்சிக்காலத்தில், பல்கேரியரின் கல்வியிலும் ஆலயத்திலும் கிரேக்கமே மேலோங்கியிருந்த சூழலில், பிலோவ்டிவ் நகர்ப் பள்ளியொன்றில் நைடன் கெரோவ் என்னும் ஆசிரியர் 1851 மே 11இல் இவ்விருவர் நாளை மாணவருடன் கொண்டாடினார். அதுவே விழாவின் தோற்றம். 1916இல் நாட்காட்டி மாறியபின் அது மே 24க்கு நகர்ந்தது. 1990இல் அரசு விடுமுறையாயிற்று. 2007இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, இலத்தீன், கிரேக்க எழுத்துகளை அடுத்துச் சிரிலிக் அதன் மூன்றாம் எழுத்தாக ஏற்கப்பட்டது. தாயிடம் கொண்டு செல்லப்படாது ரோமிலேயே தங்கிவிட்ட அக்கல்லறைக்கு, இன்றும் ஆண்டுதோறும் மே மாதத்தில் பல்கேரியர் மலருடன் செல்கின்றனர்.