பத்துமலைக் குகனுக்கு ஆலயம் கண்ட தம்புசாமிப் பிள்ளை

முருகப் பெருமானின் திருநாமங்களுள் குகன் என்பதும் ஒன்று. குகையில் உறைபவன், அன்பரின் இதயக் குகையில் வீற்றிருப்பவன் என இருவகையாகவும் சான்றோர் இதற்குப் பொருள் கூறுவர். குன்றுதோறாடும் குமரனுக்குக் கற்றளிகள் பலவுண்டு. ஆயினும், இயற்கைக் குகையே கருவறையும் விமானமுமாக அமைய, பெயருக்கேற்பக் குகனாகவே அவன் எழுந்தருளியுள்ள தலங்கள் மிகச் சிலவே. அப்பேறு மலேசியத் திருநாட்டின் பத்துமலைக்கு வாய்த்தது. அதற்குக் கருவியாய் நின்ற பெருமகனார் தம்புசாமிப் பிள்ளை அவர்கள்.

அன்னார் 1850ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்தார். ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் ஆங்கிலக் கல்வி பெற்று, டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் எழுத்தராகப் பணியாற்றினார். டேவிட்சன் சிலாங்கூரின் ஆங்கிலேய ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றபோது, பிள்ளையவர்களும் அவருடன் கிள்ளானுக்கு வந்தார். அக்காலத்தில் கிள்ளானே மாநிலத் தலைநகர். 1880இல் தலைநகர் கோலாலம்பூருக்கு மாறியது. கருவூலத் துறையில் தலைமை எழுத்தராக உயர்ந்த அவர், பின்னர் அரசுப் பணியிலிருந்து விலகி வணிகத்தில் இறங்கினார். லோக் இயூவுடன் இணைந்து ராவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். 1894ஆம் ஆண்டில் அச்சுரங்கத்தில் மின்சாரம் பயன்படுத்தப்பட்டது. இந்நாட்டில் மின்சாரம் பயன்பட்ட முதல் இடங்களுள் அதுவும் ஒன்றாகும். 1893இல் நிறுவப்பெற்ற விக்டோரியா கல்விக்கூடத்தின் அறங்காவலர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

செல்வமும் செல்வாக்கும் பெருகியபோதும் அவர் சிந்தை இறைபணியிலேயே நிலைத்தது. 1873ஆம் ஆண்டைத் தோற்ற ஆண்டாகக் கொண்ட கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் திருக்கோவில் அவர் கண்டதே. 1885இல் அக்கோவில் இன்றைய துன் எச்.எஸ். லீ சாலைக்கு இடம் மாறியது.

நகருக்கு வடக்கே, அடர்ந்த காட்டினிடையே ஓங்கி நின்றது பத்துமலை என்னும் சுண்ணாம்புக்கல் மலை. 1878இல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் ஹார்னடே அதன் குகைகளைப் பற்றி எழுதியபின் அவை வெளியுலகில் பெயர் பெற்றன. பிறர் கண்ணுக்கு இயற்கை விந்தையாகப் பட்ட அக்குகையின் வாயில், பிள்ளையவர்களுக்கு வேலின் வடிவாகக் காட்சியளித்தது. 1891ஆம் ஆண்டளவில் அங்கே முருகப் பெருமானை எழுந்தருளச் செய்தார். 1892 முதல் அங்குத் தைப்பூசப் பெருவிழா நடைபெற்று வருகிறது.

இத்திருப்பணியின் அருமையை அக்காலத் தமிழரின் நிலையறிந்தோரே நன்கு உணர்வர். தோட்டங்களிலும் இருப்புப்பாதைப் பணியிலும் உழைத்த நம் முன்னோருக்குப் பழனி கடல் கடந்த தொலைவிலிருந்தது. நேர்ந்துகொண்ட காவடியைச் செலுத்த ஊர் திரும்பக் கூலியும் போதாது, விடுப்பும் கிட்டாது. அவர்தம் நேர்த்திக்கடன் நிறைவேற ஒரு மலையும், அம்மலையில் ஒரு வேலவனும் கிடைத்தது இக்குகைக் கோவிலால்தான். கரடுமுரடான மலைச்சரிவில் ஏறிய அவர்களுக்கு 1920இல் மரப்படிகள் அமைந்தன. பின்னர் அவை 272 சிமெண்டுப் படிகளாயின.

பிள்ளையவர்கள் 1902ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். அவர் குடும்பத்தாரின் தனி வழிபாட்டிடமாகவே இருந்துவந்த மாரியம்மன் திருக்கோவில், 1920களின் பிற்பகுதியில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது; பின்னர் அதன் நிர்வாகமும் அறங்காவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் தொடங்கிய அறம் ஊரார் அனைவரின் உடைமையாகும்போதே முழுமை பெறுகிறது. ஆண்டுதோறும் தைப்பூசத்தையொட்டி அக்கோவிலிலிருந்து புறப்படும் வெள்ளி இரதம், அன்னை ஆலயத்தையும் மைந்தன் குகையையும் இணைத்தவண்ணம் பத்துமலைக்குச் செல்கிறது.

கோலாலம்பூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. படியேறும் ஒவ்வோர் அடியாரின் வேண்டுதலிலும் அவர்தம் தொண்டு வாழ்கிறது. கோவிற்பணியில் ஈடுபடும் நாமும் அவர் வழிநின்று, ஏற்ற பொறுப்பை நம் காலத்திலேயே அடுத்த தலைமுறைக்குச் செம்மையாக ஒப்படைப்போமாக. குகப் பெருமான் திருவருள் யாவர்க்கும் பொலிக!