உலக உருண்டை செய்த உழவர்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பிராட்போர்டு என்னும் சிற்றூரில் உழவும் கொல்லுத்தொழிலும் புரிந்து வாழ்ந்தவர் ஜேம்ஸ் வில்சன் (1763–1855). அக்காலத்தே உலக உருண்டைகள் இங்கிலாந்திலிருந்தே வந்தன. அவற்றின் விலை மிகுதியாதலின், பூகோளம் பயிலும் சிறார் பலருக்கு அவற்றைத் தொட்டறியும் வாய்ப்பில்லை. டார்ட்மவுத் கல்லூரியில் அத்தகைய உருண்டையொன்றைக் கண்ட வில்சன், தாமே செய்யத் துணிந்தார். பள்ளிக்கல்வியோ சிறிதே. பண்ணைப் பொருள்களை விற்று, 130 டாலருக்குப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தை வாங்கிக் கற்றார். இல்லத்தார் என்ன கூறினரோ!

முதலில் மரப்பந்தின்மீது தாள் ஒட்டி, மையால் நாடுகளை வரைந்தார். பலருக்கும் பயன்பட வேண்டுமெனின் அச்சிடல் வேண்டும். செதுக்குக்கலை பயில, நியூஹேவன் நகரத்து அமோஸ் டூலிட்டிலை நாடி நெடுந்தொலைவு நடந்தே சென்றார். ஆயினும் தட்டையான தாள் உருண்டையின்மேல் சுருக்கமின்றிப் படியாது. நடுவே அகன்று, இருமுனையும் குறுகிய, ஆரஞ்சுச் சுளையின் முதுகு போன்ற கீற்றுகளாக நிலப்படத்தைப் பகுத்தாக வேண்டும். இக்கணக்குப் பிழைத்தமையால், பல மாதங்கள் செதுக்கிய செப்புத்தகட்டை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கினார்.

1810இல் அவருடைய 13 அங்குல உருண்டைகள் விற்பனைக்கு வந்தன. அவற்றுக்குரிய மையும் அச்சுப்பொறியுங்கூட அவர் ஆக்கியவையே. பின்னர் மைந்தருடன் ஆல்பனி நகரில் பட்டறை அமைத்தார். உள்ளங்கையில் அடங்கும் 3 அங்குல உருண்டைகளும் உருவாயின.